அரை மாத்திரைதானே

எந்த டாக்டர் கேட்டாலும் மளமளவென்று ஒப்பிப்பேன். காலையில் பிரஷருக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இரண்டு வேளை, வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கால்சியம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டு முன்னால் உட்கார்ந்து, ஊர்ப் பெயரும் நம்பரும் பிசகாமல் சொல்லியே பென்ஷன் வாங்கிய வாய் இது. "இந்த வயசுல என்னம்மா இவ்வளவு தெளிவா சொல்றீங்க" என்று ஆச்சரியப்படாத டாக்டர் இல்லை. அந்தத் தெளிவான பட்டியலில் ஒன்றை மட்டும் நான் சொன்னதே கிடையாது. ராத்திரி படுக்கப்போகும்போது போடுகிற அல்பிரசோலம். தூக்க மாத்திரை.

மறந்துபோய் விட்டதல்ல. "வேற ஏதாவது மாத்திரை?" என்று அவர்கள் கேட்கும்போதே மனசுக்குள் அந்த வெள்ளி அட்டை மின்னும். "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்பேன். பொய் சொன்ன முகமே தெரியாது. "லைன் பிஸி சார், கொஞ்சம் பொறுங்க" என்று வருஷக்கணக்கில் சொல்லிப் பழகியவளுக்கு இது ஒரு கஷ்டமா?

2016-ல் என் வீட்டுக்காரர் போனார். காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிய பிறகு ராத்திரிகள் நீண்டன. உறையூரில் எங்கள் தெருவில் பத்து மணிக்கு மேல் நாய்ச் சத்தம் தவிர ஒன்றும் இருக்காது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பையன் டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் நல்ல மனுஷர். 0.25 மில்லிகிராம் எழுதி, "பத்து நாளைக்கு மட்டும். அதுக்கப்புறம் வேண்டாம்" என்று வாயாலும் சொல்லி, சீட்டிலும் எழுதிக்கொடுத்தார். முதல் ராத்திரி போட்டுப் படுத்தவள் காலையில் பால்காரன் மணி அடித்தபோதுதான் எழுந்தேன். அப்படியொரு தூக்கம் கல்யாணத்துக்கு முன்னால்கூடத் தூங்கியதாக ஞாபகமில்லை. நைட் டியூட்டி பார்த்தவளின் தூக்கம் என்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது? ஓய்வறையில் முறைவைத்துக் கண்ணயர்ந்து, காலை ஷிஃப்ட் வந்ததும் வீட்டுக்கு ஓடி, பிள்ளைக்குச் சோறு கட்டி, வெயிலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்த உடம்பு.

பத்து நாள் முடிந்தது. நான் முடிக்கவில்லை.

இந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். 2014 மார்ச்சிலிருந்து இது ஹெச்-1 பட்டியலில் இருக்கிறது. எழுதிக்கொடுத்த டாக்டர் யார், வாங்கியவர் யார், எத்தனை மாத்திரை என்று கடைக்காரர் தனி நோட்டில் குறித்து, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையிலேயே சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருக்கும். அந்தச் சிவப்புக் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மாத்திரையைப் பிதுக்கப் பழகிவிட்டேன். சீட்டுக்கு என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2016-ல் இருக்கிற 6-ஐ 8 ஆக்க மேலே ஒரு சின்ன வளைவு போதும். அதே நீல மையில் போட்டேன். என் கையெழுத்து எப்போதுமே அழகு. அந்தச் சீட்டு மடித்து மடித்து நைந்துபோனதற்குப் பிறகு சீட்டே கேட்காத கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைப் பையன் என்னைப் பார்த்ததும் "வழக்கமானதாம்மா?" என்பான். அவனைக் குறை சொல்லி எழுதினால் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன். அவன் கேட்காமல் கொடுத்தான் என்பது உண்மை. கேட்காதவனாகப் பார்த்துத் தேடிப்போனது நான்.

அரை மாத்திரை ஒன்றாயிற்று. 0.25 பற்றாமல் 0.5 ஆயிற்று. ஆனாலும் எனக்குள் அதன் பெயர் 'அரை மாத்திரை'தான். "அரை மாத்திரைதானே, இது ஒரு மருந்தா?" இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் படுக்கப்போவேன்.

காலையில் தலை கனக்கும். நடக்கும்போது தரை கொஞ்சம் விலகிப்போகிற மாதிரி இருக்கும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் நின்றிருப்பேன். பேரனைக் கூப்பிடும்போது தம்பி பெயர் வரும். மருமகள் ஒரு விஷயத்தை முந்தின ராத்திரியே சொன்னேன் என்பாள். சொல்லவே இல்லை என்று நான் சாதிப்பேன். அவள்மேல் எரிந்து விழுந்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான். "உங்கம்மாவுக்கு மறதி வந்துடுச்சு" என்று அவள் என் பையனிடம் அழுதது காதில் விழுந்தது. அவன் பயந்துபோய் மறதிக்கு டெஸ்ட் எடுக்கக் கூட்டிப்போனான். ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்து காட்டுகிற மாதிரி முள் வரையச் சொன்னார்கள். சின்ன முள்ளைப் பத்தில் வைத்தேன். டாக்டர் அப்போது குறிப்பாகக் கேட்டார்: "தூக்கத்துக்கு ஏதாவது போடறீங்களாம்மா? அதனாலகூட இப்படி ஆகும்."

தப்பிக்கக் கதவைத் திறந்துவைத்துக் கேட்ட கேள்வி அது. "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்றேன். பையன் தலைக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் கட்டினான். வயசுக்குத் தக்க சுருக்கம் தவிர ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்கு டிமென்ஷியாவோ என்று அவன் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தானோ. என் தூக்கத்துக்காக.

இதுவரை சொன்னது எனக்கு நான் செய்துகொண்டது. இதோடு நின்றிருந்தால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எதிர்வீட்டு அக்கா என்னைவிட ஐந்தாறு வயசு மூத்தவர். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து பழக்கம். சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் ஊர்க்கதை பேசுவோம். ஒருநாள் சொன்னார்: "ராத்திரி பொட்டுத் தூக்கமில்லம்மா. கண்ண மூடினா விடிய மாட்டேங்குது."

எட்டரைக்கே படுத்தால் விடியற்காலை மூன்றுக்கு விழிப்பு வரத்தான் செய்யும். மத்தியானம் வேறு ஒரு மணிக்குக் கட்டையைச் சாய்த்தால் டீ நேரத்துக்குத்தான் எழுந்திருப்பார். இரண்டையும் கூட்டினால் எந்தக் குறையும் இல்லை. வயசானால் ஆழ்ந்த தூக்கம் குறையும், சின்னச் சத்தத்துக்கே முழிப்பு வரும், சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் கலையும், அது நோயில்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால் ஒரு டாக்டர் சொல்லித் தெரிந்தது. ஆனால் தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நான் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று சந்தேகம்தான். எனக்கு அப்போது ஒரு கூட்டாளி வேண்டியிருந்தது. இன்னொருத்தரும் போட்டால் அது பழக்கம். நான் மட்டும் போட்டால் அது அடிமைத்தனம். இப்படி ஒரு கணக்கு எனக்குள் ஓடியிருக்கிறது.

உள்ளே போய் ஒரு மாத்திரையை எடுத்து, நடுக்கோட்டில் நகத்தை வைத்து அழுத்தினேன். சரிபாதியாக உடைந்தது. காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, ராகுகாலம் எமகண்டம் போட்டிருக்கிற பக்கம் வெளியே தெரியும்படி பொட்டலம் கட்டி, இரண்டு பாதியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அரை போட்டுக்குங்க அக்கா. இன்னொரு பாதி நாளைக்கு. வீட்ல சொல்ல வேண்டாம், சும்மா பயந்துக்குவாங்க."

அக்கா வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று நான் கேட்கவில்லை. பிரஷருக்கு நீர் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அதனால் ராத்திரி எழுந்து எழுந்து போக வேண்டியிருந்தது. சளிக்கு ஒரு மாத்திரை. அதுவும் மயக்கம் தருகிற வகை. இவற்றோடு என் அரை மாத்திரையும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது கால் எப்படி நிற்கும்? மறுநாள் காலையில் அக்கா வாசல் தெளிக்க வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. "செத்த பொணமாட்டம் தூங்கினேன்மா" என்றார், அவ்வளவு சந்தோஷமாக. அதற்கப்புறம் காலண்டர் தாள் பொட்டலம் வழக்கமாகிவிட்டது. சாயங்காலம் நான் திண்ணைக்கு வந்தால் அக்கா கண் முதலில் என் கையைத்தான் பார்க்கும். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

விழுந்தது ஒரு ஐப்பசி மாசம். அடைமழை. பழைய வீடு, பாத்ரூம் கொல்லைப்புறம். இடையில் ஒரு படி இறங்க வேண்டும். பேரப்பிள்ளை முழித்துக்கொள்வானே என்று லைட் போடாமல் போயிருக்கிறார். படியிலேயே சாய்ந்துவிட்டார். சத்தம் கேட்டு மகன் ஓடிவந்தபோது வலதுகால் வெளிப்பக்கம் திரும்பிக் குட்டையாகத் தெரிந்திருக்கிறது. தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. வயசானவர்களுக்கு இந்த முறிவு வந்தால் தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்து சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கப் பார்ப்பார்கள். படுக்கையிலேயே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும், காலில் ரத்தம் உறையும்.

ஆஸ்பத்திரிக்கு ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துக்கொண்டு போனேன். அக்காவின் மகன் "சித்தி, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அப்போதுதான் மயக்க மருந்து டாக்டர் வந்தார். சின்னப் பெண். கையில் படிவம். ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் போட்டுக்கொண்டே வந்தவர், "இதெல்லாம் தவிர வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா? தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, எதுவா இருந்தாலும் சொல்லணும்" என்றார்.

மகன் "இல்லைங்க டாக்டர்" என்றான். அவனுக்குத் தெரியாது. அக்கா என்னைப் பார்த்தார். வலியிலும் என்னைப் பார்த்தார். நான் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்று அவருக்குப் பயமா, நான் சொல்லட்டும் என்று காத்திருந்தாரா, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை. நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். டாக்டர் டிக் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

உலோகப் பந்து வைத்து ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் சாயங்காலத்திலிருந்து அக்காவுக்கு நினைவு தடுமாறியது. என்றைக்கோ போன அவர் அம்மாவைக் கூப்பிட்டார். மகனை யாரென்று கேட்டார். கை மட்டும் காற்றில் எதையோ சுற்றிக்கொண்டே இருந்தது. டிரிப்ஸ் குழாயைப் பிடித்து இரண்டு விரலில் சுற்றிச் சுற்றி இழுத்தார். நர்ஸுகளுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அக்கா பிறந்தது தறி வீட்டில். நூல் சுற்றுகிறார்.

வயசானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவது அதிகம் என்றார்கள். வலி, மயக்க மருந்து, உப்புச் சத்துக் குறைவது, இடம் மாறியது என்று பல காரணம் இருக்கும். வழக்கமாகப் போட்ட தூக்க மாத்திரை சட்டென்று நின்றுபோவதும் ஒரு காரணம். நான் கொடுத்ததால்தான் விழுந்தார், நான் சொல்லாததால்தான் தடுமாறினார் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்ல முடியாது. மழை இருந்தது, இருட்டு இருந்தது, படி இருந்தது, எழுபத்தாறு வயசு இருந்தது. அந்த 'அடித்துச் சொல்ல முடியாது' என்பதைத்தான் நான் மாசக்கணக்கில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். யாராவது என்னைத் திட்டவட்டமாகக் குற்றம் சாட்டியிருந்தால் மறுத்தாவது சண்டை போட்டிருப்பேன். எல்லாரும் பாத்ரூம் படியைத்தான் திட்டினார்கள். மகன் ஆள் வைத்து அதை இடித்துச் சரிவாக்கி, கைப்பிடி போட்டு, ராத்திரியெல்லாம் எரிகிற லைட்டும் மாட்டினான். நல்ல வேலைதான். முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலையும்கூட. கொத்தனார் இடிப்பதை என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன்.

குற்ற உணர்ச்சியில் ஒரு ராத்திரி அட்டைகளை எல்லாம் டாய்லெட்டில் கொட்டினேன். அதுவும் முட்டாள்தனம். அடுத்த ராத்திரியே கை நடுங்கிற்று. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. வியர்த்துக்கொட்டி உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் கடை திறக்கிற நேரத்துக்குப் போய் நின்றேன். "வழக்கமானதாம்மா?" ஆமாம், வழக்கமானதுதான்.

என்னை மாட்டிவைத்தது மருமகள். முதியோர் மருத்துவம் படித்த டாக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். இப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். டாக்டர் வ.செ.நடராசன் சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறார். நமக்குத்தான் கால்வலிக்கு ஒருவர், கண்ணுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர் என்று அலைந்து பழக்கம். இந்த டாக்டர் பட்டியலைச் சொல்லச் சொல்லவில்லை. வீட்டில் இருக்கிற மாத்திரை, தைலம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பை கட்டியது மருமகள். என் பீரோவில் புடவைக்கு அடியில் இருந்ததையும் அவள் எடுத்துப் போட்டிருக்கிறாள் என்பது டாக்டர் மேஜையில் கொட்டியபோதுதான் தெரிந்தது. எவ்வளவு காலமாக அவளுக்குத் தெரியுமோ. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

டாக்டர் திட்டவில்லை. வெள்ளி அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வருஷமா?" என்றார். சொன்னேன். வாய் திறந்தபின் எக்ஸ்சேஞ்ச் வேகத்தில் எல்லாமே வந்தது, அக்காவைத் தவிர. வயசானால் கல்லீரல் மருந்தைக் கழிப்பது மெதுவாகும், அதனால் ராத்திரி போட்டது மறுநாளும் உடம்பில் நிற்கும், மூளையும் அதற்குச் சீக்கிரம் மயங்கும் என்று பொறுமையாகச் சொன்னார். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்காவில் 1991-ல் மார்க் பியர்ஸ் என்ற டாக்டர் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். இப்போதும் அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்கள். என் மாத்திரையின் குடும்பம் மொத்தமும் அதில் இருக்கிறதாம். விழுவது, எலும்பு முறிவது, புத்தி குழம்புவது என்று காரணங்களோடு. "சளி மாத்திரை?" என்று கேட்டேன். சில வகை அதிலும் உண்டு என்றார். யாருக்காகக் கேட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்புகூட வரலாம் என்று சொல்லி, கால் கால் பங்காகக் குறைக்க அட்டவணை போட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு படிக்கும் சில வாரம். மத்தியானத் தூக்கம் அரை மணிக்கு மேல் கூடாது. பத்து மணிக்கு முன்னால் படுக்கைக்குப் போகக் கூடாது. தூக்கம் வராவிட்டால் எழுந்து நாற்காலியில் உட்கார வேண்டும், புரளக் கூடாது. சாயங்காலக் காபி கிடையாது. கடைசியில் சொன்னதுதான் எனக்குக் கொடுமை. இப்போது கால் மாத்திரையில் நிற்கிறேன். அதற்குக் கீழே இறங்க முடியாமல் ஒரு மாசத்துக்கு மேலாகிறது. மூன்று மணிக்கு முழிக்கிறேன். தலை மட்டும் தெளிந்துவிட்டது. பேரனைப் பேரன் பெயரிலேயே கூப்பிடுகிறேன்.

தெளிந்த தலையோடு இருப்பதும் சுகமில்லை. அக்காவை மகன் தன்னோடு கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய்விட்டான். வாக்கர் பிடித்து நடக்கிறார். போனில் பேசுவார், பாதியில் மறந்து ஆரம்பத்திலிருந்து தொடங்குவார். அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். மகனிடம் சொல்வதுதான் முறை. போன வாரம் நம்பரைப் போட்டேன்.

முழுசாகச் சொன்னேன். மாத்திரை, காலண்டர் தாள், "வீட்ல சொல்ல வேண்டாம்" என்றது, ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டு நின்றது. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "ஹலோ" சொல்லவிருந்தேன்.

"அம்மாவுக்கு மட்டும்தானா? இன்னும் யாருக்கெல்லாம் குடுத்தீங்க?" என்றான். சித்தி என்ற சொல் அதில் இல்லை.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பானா, கத்துவானா என்றுதான் யோசித்து வைத்திருந்தேன். இரண்டு பேருக்கு, என்றேன். கோயில் பிரகாரத்தில் கூட உட்காருகிறவர்கள். இருவரும் தனியாக இருப்பவர்கள். "போய்ச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலமே போனேன். ஒருத்தி எப்போதோ விட்டுவிட்டாளாம். வாய் உலர்ந்தது, பிடிக்கவில்லை என்றாள். இன்னொருத்திக்கு எழுபத்தெட்டு வயசு. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவாள். நான் தொடங்கிவைத்ததை அவள் தானாகவே தொடர்ந்துகொண்டிருக்கிறாள், அதே கடையில். பக்கத்தில் உட்காரவைத்து, அக்கா விழுந்ததிலிருந்து பியர்ஸ் பட்டியல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திடீரென்று நிறுத்தாதே, அந்த டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன் என்றும் சொன்னேன். தேங்காய் மூடியை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டிக் கேட்டாள்.

"அதெல்லாம் கிடக்கட்டும். ரெண்டு நாளா கடை பூட்டியிருக்கு. ஒன்கிட்ட கைவசம் ஏதாச்சும் இருக்கா?"